கொயினா மாத்திரையா, டானிக் வாட்டரா, சின்கோனா பட்டையா: இரவில் கெண்டைக்கால் இழுப்பவர்கள் எதைத் தேர்வது?

மூத்தவர்களின் தூக்கமின்மையைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் மூன்று ஒரே வலியைச் சொல்கின்றன. நடுராத்திரியில் கெண்டைக்கால் கல்லாக இறுகிக்கொள்கிறது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. எங்கள் பக்கத்தில் இதைக் குரக்களி என்பார்கள்.

கோவை வாசகரின் தந்தைக்கு 71 வயது. அவருடைய பழைய ராணுவ நண்பர், "ராத்திரி ஒரு கொயினா மாத்திரை போடு, சரியாகிவிடும்" என்று சொல்லியிருக்கிறார். சிங்கப்பூர் வாசகர் தினமும் படுக்கும் முன் ஒரு டம்ளர் டானிக் வாட்டர் குடிக்கிறார். பலன் இருப்பதுபோலவும் இருக்கிறது, இல்லாததுபோலவும் இருக்கிறது என்கிறார். தஞ்சாவூர் வாசகி இணையத்தில் சின்கோனா பட்டைப் பொடி வாங்கி வைத்திருக்கிறார், பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை. "பட்டை இயற்கையானது, மாத்திரையைவிட நல்லதுதானே?" என்பது அவர் கேள்வி.

மூவர் கையிலும் இருப்பது ஒரே மரம். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவில் பிறந்து, 1860களில் நீலகிரிக்கு வந்த சின்கோனா. கொயினா என்கிற குவினைன் அதன் பட்டையிலிருந்து வந்தது, டானிக் வாட்டரின் கசப்பும் அதுதான். கூடலூரில் 22 ஆண்டுகள் மருந்துக்கடை நடத்தியவன் என்பதால் அந்த மரம் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. ஊட்டி போகும் வழியில் நடுவட்டத்தில் இறங்கினால், சீனக் கைதிகளை அடைத்து வைத்துச் சின்கோனா தோட்டத்தில் வேலை வாங்கிய பழைய சிறையை இன்றும் பார்க்கலாம். வால்பாறைக்குப் பக்கத்தில் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. மரத்தின் மீது எனக்குப் பாசம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வருகிற தீர்ப்பு அந்தப் பாசத்துக்கு எதிராகத்தான் போகிறது.

முதலில், அது குரக்களிதானா?

நடக்கும்போது வலித்து, நின்றால் விட்டுப்போகிற கால்வலி வேறு. அது ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் சிவப்பும் இருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அதற்கு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எரிச்சல், மரத்துப்போதல், ஊசி குத்துவதுபோன்ற உணர்வு எல்லாம் பெரும்பாலும் சர்க்கரை நோயின் நரம்புப் பாதிப்பு. தூக்கத்தில் திடீரென்று தசை இறுகி, தொட்டால் கட்டியாகத் தெரிந்து, சில நிமிடங்களில் தளர்ந்து, மறுநாள் வரை நோவு மிச்சம் இருந்தால் அதுதான் நாம் பேசுகிற பிடிப்பு.

அது குரக்களிதான் என்றாலும், வீட்டில் இருக்கிற மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள். சிறுநீர் அதிகமாகப் போக வைக்கும் ரத்தக்கொதிப்பு மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பூட்டமால், இவை மூன்றும் பிடிப்பைக் கொண்டுவரக்கூடியவை. தைராய்டு குறைபாடும் சிறுநீரகக் கோளாறும் அப்படியே. ஒரு மருந்து கிளப்பிய வலியை இன்னொரு மருந்தால் அடக்கப் பார்ப்பது, கூரை ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்துவிட்டு ஓட்டை மாற்றாமல் இருப்பதுபோல.

எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். பிடிப்பு குறைகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறதா? எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்று நமக்குத் தெரியுமா? தப்பித் தவறி மோசமாக ஏதாவது நடந்தால், அது எவ்வளவு மோசமாக இருக்கும்? ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா? கடையில் கொடுக்கும் காசு போக வேறு என்ன செலவு? மூன்றாவது கேள்விக்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன். காரணம் எளிது. குரக்களி தூக்கத்தைக் கெடுக்கும், ஆளைக் கொல்லாது.

குவினைன் மாத்திரை

நம் பாட்டிமார் கொயினா என்றது இதைத்தான். 1820-ல் பெல்லெத்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஆல்கலாய்டு, அதாவது செடியில் இருக்கும் கசப்பு மருந்துச் சத்து. மலேரியா மருந்தாகப் பெயர் வாங்கினாலும் இதற்குத் தசையைச் சற்று மந்தப்படுத்தும் குணமும் உண்டு. நரம்பின் தூண்டலுக்குத் தசை எளிதில் துள்ளாது, ஒருமுறை சுருங்கியபின் அடுத்த சுருக்கத்துக்குத் தயாராகக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். பிடிப்புக்கு இதைக் கொடுக்கத் தொடங்கியது அதனால்தான்.

வேலை செய்கிறதா? செய்கிறது, கொஞ்சம். 23 ஆய்வுகளையும் 1586 பேரையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பின்படி (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் சர்வதேச அமைப்பு அது), வெற்று மாத்திரையோடு ஒப்பிடும்போது இரண்டு வாரத்தில் வரும் பிடிப்புகளின் எண்ணிக்கை 28 சதவீதம் குறைகிறது. வலியின் கடுமை 10 சதவீதம்தான் குறைகிறது. வந்த பிடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில் மாற்றமே இல்லை. இரண்டு வாரத்தில் பத்து முறை இழுத்த கால் ஏழு முறை இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராணுவ நண்பர் சொன்ன "எல்லாம் சரியாகிவிடும்" இதில் எங்கே இருக்கிறது?

விலை மலிவுதான். மறைந்திருக்கும் செலவுதான் பெரிது. குவினைன் அளவு சற்று மிஞ்சினாலே காதில் இரைச்சல், தலைவலி, குமட்டல், பார்வை மங்கல் என்று வரிசையாக வரும். சின்கோனிசம் என்று மரத்தின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். என் மாமியார் யாரோ சொன்னதைக் கேட்டு 300 மில்லிகிராம் மாத்திரையை மூன்று இரவு போட்டுக்கொண்டார். நாலாம் நாள் காலையில், "காதுக்குள் சில்வண்டு கத்துகிறது, கதவைச் சாத்து" என்றார். வெளியே வண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. மருந்துக்கடைக்காரன் வீட்டிலேயே இந்தக் கதை. நிறுத்தியபின் இரைச்சல் போய்விட்டது. பிடிப்புக்குக் காரணம் அதற்கு முந்தைய மாதம் மாற்றிக் கொடுத்த ரத்தக்கொதிப்பு மாத்திரை என்பது பிறகுதான் தெரிந்தது.

இரைச்சலோடு போனால் பரவாயில்லை. சிலருக்கு, அளவு சரியாக இருந்தாலும், உடல் குவினைனைப் பகையாக எடுத்துக்கொண்டு ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை அழித்துவிடும். தோலில் சிவப்புப் புள்ளிகள், ஈறில் ரத்தம், சில சமயம் சிறுநீரகச் செயலிழப்பு வரை போகும். இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையலாம், ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், இதயத்துக்குக் கொடுக்கும் டிஜாக்சின், துடிப்பை ஒழுங்குபடுத்தும் மருந்துகள் எடுப்பவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. தசைகள் எளிதில் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா நோயுள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1994-ல், பிடிப்புக்காக மருத்துவர் சீட்டு இல்லாமல் குவினைன் விற்பதைத் தடுத்தது. 2006-ல் அங்கீகாரம் இல்லாத குவினைன் மாத்திரைகள் எல்லாவற்றையும் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. 1969 முதல் அதுவரை அதற்கு வந்திருந்த கடுமையான பாதிப்புப் புகார்கள் 665. அவற்றில் 93 மரணம். பிரிட்டன் இவ்வளவு தூரம் போகவில்லை. 2010-ல் அங்கே வந்த அறிவுரை எனக்கு நியாயமாகப் படுகிறது. சாதாரணமாகக் கொடுக்காதே. பிடிப்பு அடிக்கடி வந்து, கடுமையாக இருந்து, தூக்கத்தைக் கெடுத்து, வேறு காரணங்களைப் பார்த்தாயிற்று, பயிற்சியும் பலிக்கவில்லை என்றால் மட்டும் கொடு. நான்கு வாரத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்து. தெரிந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பார்.

ஆகவே மாத்திரை பொருந்தும் இடம் ஒன்று இருக்கிறது: பயிற்சி செய்தும் வாரத்தில் பல இரவுகள் விழித்துக்கொள்பவர், இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருப்பவர், எடுக்கும் மருந்துப் பட்டியலை மருத்துவர் பார்த்துச் சம்மதித்தவர். குறுகிய இடம்தான்.

டானிக் வாட்டர்

இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் கசப்பு மருந்தைச் சர்க்கரையிலும் ஜின்னிலும் கரைத்துக் குடித்த பழக்கம், இன்று மருந்தே தேவைப்படாதவர்களின் மாலை நேரப் பானமாகிவிட்டது. அதில் குவினைன் இன்னும் இருக்கிறது. அமெரிக்க விதிப்படி லிட்டருக்கு 83 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. 300 மில்லி டம்ளரில் சுமார் 25 மில்லிகிராம். பிடிப்பு ஆய்வுகளில் கொடுத்த அளவு ஒரு நாளைக்கு 200 முதல் 500 மில்லிகிராம். அந்தக் கீழ்வரம்பைத் தொடவே எட்டு டம்ளர் வேண்டும். இனிப்புச் சேர்த்த வகையில் 100 மில்லிக்கு எட்டு, ஒன்பது கிராம் சர்க்கரை இருக்கும். எட்டு டம்ளரில் கிட்டத்தட்ட 200 கிராம். பிடிப்பு போகிறதோ இல்லையோ, சிறுநீர் கழிக்க எழுந்திருப்பதில் தூக்கம் போய்விடும்.

பிறகு ஏன் சிலர் பலன் இருப்பதாகச் சொல்கிறார்கள்? குரக்களி அலை போன்றது. சில வாரம் வாட்டும், சில வாரம் காணாமல் போகும். மோசமான வாரத்தில்தான் எவரும் புது மருந்தைத் தொடங்குகிறார்கள். அடுத்த வாரம் தானாகக் குறைந்ததன் புகழ் டம்ளருக்குப் போகிறது.

குறைந்த அளவு என்பதால் தீங்கே இல்லை என்று எண்ண வேண்டாம். குவினைனால் ஒருமுறை தட்டணு குறைந்தவருக்கு இந்த 25 மில்லிகிராமே போதும். விருந்தில் ஒரு கோப்பை குடித்துவிட்டு உடம்பெல்லாம் ரத்தப் புள்ளியோடு வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். மற்றவர்கள் கசப்பு பிடித்திருந்தால் குடிக்கட்டும். மருந்து என்று சொல்லிக்கொண்டு குடிக்க வேண்டாம், அவ்வளவுதான்.

சின்கோனா பட்டைப் பொடி

தஞ்சாவூர் வாசகியின் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

பட்டையில் ஆல்கலாய்டு ஒன்று இல்லை, முக்கியமானவை நான்கு: குவினைன், குவினிடின், சின்கோனின், சின்கோனிடின். 1866-ல் அமைத்த ஓர் ஆணையம் சென்னை மாகாணத்தில் இந்த நான்கையும் தனித்தனியாகக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. மொத்தம் 2472 பேர். குணமாகாதவர்கள் ஆயிரத்துக்குக் குவினிடினில் 6, குவினைனில் 7, சின்கோனிடினில் 10, சின்கோனினில் 23. கணக்கைப் பார்த்தவர்கள், விலை உயர்ந்த குவினைனைத் தனியாகப் பிரிக்காமலே நான்கையும் சேர்த்துக் கொடுத்தால் ஏழைகளுக்கும் மருந்து கிடைக்குமே என்று யோசித்தார்கள். வங்காளத்தின் மங்பூ தோட்டத்தில் அப்படியே கலப்பு மருந்து செய்து விற்றார்கள். மலேரியாவுக்கு அது நல்ல முடிவு. காய்ச்சலில் ஆள் போய்விடும் என்ற நிலையில், கலப்பு மருந்தின் குமட்டலைப் பெரிதாக எடுத்துக்கொள்ள யாருக்கு நேரம்?

அந்த வாதத்தைக் குரக்களிக்குக் கொண்டுவர முடியாது. பிடிப்புக்கான ஆய்வுகளில் கொடுத்தது குவினைனை. பட்டையோடு வரும் குவினிடின் இதயத் துடிப்புக் கோளாறுக்கு மருத்துவமனையில் கண்காணித்துக் கொடுத்த மருந்து. தவறினால் அதுவே துடிப்பைக் கெடுக்கும். "இயற்கையானது" என்று வாங்கும் பொடியில் குவினைனின் ஆபத்தோடு குவினிடினின் ஆபத்தும் சேர்ந்து வருகிறது.

அளவு இன்னும் பெரிய சிக்கல். சின்கோனாவில் இனத்துக்கு இனம், மரத்துக்கு மரம் சத்து மாறும். நீலகிரியில் நன்றாக வளர்ந்த சிவப்புப் பட்டை இனத்தில் மொத்த ஆல்கலாய்டு தாராளம், குவினைன் குறைவு. 1865-ல் பொலிவியாவில் மானுவேல் இன்க்ரா மாமானி என்ற பழங்குடியினர் பொறுக்கிக் கொடுத்த விதையைச் சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேய வணிகர் விற்க முயன்றபோது பிரிட்டிஷ் அரசு வாங்க மறுத்தது. டச்சுக்காரர்கள் ஒரு பவுண்டு எடை விதையை வாங்கி ஜாவாவில் நட்டார்கள். அந்த மரங்களின் பட்டையில் குவினைன் 10 சதவீதத்தைத் தாண்டியது. உலகச் சந்தையே பிறகு அவர்கள் கைக்குப் போயிற்று. விதை கொடுத்த மாமானியைச் சிறையில் அடைத்து அடித்தார்கள். அவர் அதிலேயே இறந்துபோனார். நம் ஊரில் மரத்தைச் சாகவிடாமல் பட்டையை உரித்து, காயத்தில் பாசி போர்த்தி மறுபட்டை வளர்க்கும் முறையை, நீலகிரியின் சின்கோனா தோட்டங்களைக் கவனித்துவந்த மக்கைவர் கொண்டுவந்தார். அப்படி வளர்ந்த பட்டையின் சத்தும் வேறாக இருந்தது.

ஒரு தேக்கரண்டிப் பொடி 5 கிராம் என்று வையுங்கள். குவினைன் 1 சதவீதம் என்றால் 50 மில்லிகிராம். 10 சதவீதம் என்றால் 500. இரண்டும் ஒரே செம்பழுப்பு நிறம், ஒரே கசப்பு. பொட்டலத்தின் மேல் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறதா? அச்சிட்டிருந்தாலும் அதை யார் சோதித்தார்கள்? போதாக்குறைக்குப் பட்டையின் துவர்ப்புச் சத்து மலச்சிக்கலைக் கொடுக்கும்.

பட்டைப் பொடி சிறந்த தேர்வாக இருக்கும் சூழ்நிலை ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. ஹோமியோபதியில் சைனா என்ற பெயரில் விற்பதும் இதே பட்டைதான். 1790-ல் ஹோமியோபதியைத் தொடங்கிய ஹானிமன் தன் உடம்பில் சோதித்துப் பார்த்த பட்டை. அதிக வீரியம் என்று சொல்லும் நீர்த்த வகைகளில் ஆல்கலாய்டு மிஞ்சாது என்பதால் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

மரமே வேண்டாம் என்றால்

நெதர்லாந்தில் 55 வயதைக் கடந்த 80 பேரை வைத்து 2012-ல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினர் படுக்கும் முன் கெண்டைக்காலையும் தொடையின் பின்தசையையும் நீட்டினார்கள். ஆறு வாரத்தில் மற்றவர்களைவிட அவர்களுக்கு இரவுக்கு ஒரு பிடிப்புக்கு மேல் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் இதில் மோசமாக நடக்கக்கூடியது என்ன? சுவரில் கொஞ்சம் சுண்ணாம்பு உதிரலாம்.

சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, குதிகால் தரையை விடாமல் முன்னால் சாயுங்கள். கெண்டைக்கால் இழுபடுவது தெரியும். பத்து விநாடி. மூன்று முறை. பிறகு அடுத்த கால். பின்தொடைக்குக் காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிந்தால் போதும். நடுராத்திரியில் இழுத்துவிட்டால் பாதத்தை முகம் பார்க்க மடக்குங்கள், முடிந்தால் எழுந்து குதிகாலை அழுத்தி நில்லுங்கள். மறைவான செலவு என்றால், மறந்துபோவது. நிலை தடுமாறும் மூத்தவர்கள் பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

மெக்னீசியம் மாத்திரையைப் பற்றியும் பலர் கேட்பார்கள். மூத்தவர்களின் பிடிப்புக்கு அதில் சொல்லிக்கொள்ளும் பலன் இல்லை என்பதே இதுவரையான ஆய்வுத் தொகுப்புகளின் முடிவு. சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும்.

| | ஒரு வேளைக்குக் குவினைன் | சான்று | மோசமாகப் போனால் | பொருந்துபவர் |
|---|---|---|---|---|
| மாத்திரை | 200–300 மி.கி., துல்லியம் | உண்டு, மிதமானது | தட்டணு அழிவு, துடிப்புக் கோளாறு, மரணம் | பயிற்சி பலிக்காதவர், மருத்துவர் கண்காணிப்பில் |
| டானிக் வாட்டர் | சுமார் 25 மி.கி. | இல்லை | ஒவ்வாதவருக்குத் தட்டணு அழிவு | சுவை பிடித்தவர் |
| பட்டைப் பொடி | 50-ஆ 500-ஆ தெரியாது | இல்லை | மாத்திரையால் வரும் ஆபத்து அனைத்தும், கூடவே குவினிடின் | யாருமில்லை |
| நீட்டல் பயிற்சி | இல்லை | உண்டு, சிறிய ஆய்வு | தடுமாறி விழுவது | முதலில் எல்லோரும் |

மலேரியாவுக்கும் இதே கணக்கா?

இல்லை. அங்கே தராசின் மறு தட்டில் உயிர் இருக்கிறது. காதிரைச்சலைப் பொறுத்துக்கொண்டு ஏழு நாள் குவினைன் சாப்பிட்டுப் பிழைத்தவர்கள் தேயிலைத் தோட்டங்களில் எத்தனையோ பேர். ஆனாலும் அங்கேயும் முதலிடம் போய்விட்டது. கடுமையான மலேரியாவில் குவினைனையும் ஆர்ட்டிசுனேட் ஊசியையும் ஒப்பிட்ட ஆசிய ஆய்வு 2005-ல் வந்தது. 1461 நோயாளிகளில் குவினைன் பெற்றவர்களில் 22 சதவீதத்தினரும், ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 சதவீதத்தினரும் இறந்தார்கள். 2010-ல் ஆப்பிரிக்கக் குழந்தைகளிடமும் அதே திசையில் முடிவு வந்தது. இப்போது ஆர்ட்டிசுனேட் கிடைக்காத இடத்தில்தான் குவினைனுக்கு வேலை. அலமாரியில் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வாங்கி வைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை.

மூன்று கடிதங்களுக்கும் பதில்

கோவை வாசகருக்கு: அப்பாவின் மாத்திரைப் பட்டியலை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அதுவரை ஆறு வாரம் சுவர்ப் பயிற்சி. அதற்குப் பிறகும் மருத்துவர் குவினைன் எழுதிக் கொடுத்தால், அட்டையின் பின்புறம் தொடங்கிய தேதியையும் அதற்கு 28 நாள் தள்ளிய தேதியையும் பேனாவால் எழுதி வையுங்கள். இரண்டாவது தேதி வரும்போது ஒரு நோட்டில் குறித்த பிடிப்புகளை எண்ணிப் பாருங்கள். இடையில் காதிரைச்சல், பார்வை மாற்றம், தோலில் புள்ளி, மயக்கம் என எது வந்தாலும் அடுத்த மாத்திரை கிடையாது, நேரே மருத்துவமனை.

சிங்கப்பூர் வாசகருக்கு: இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றுதான் மறுகடிதம் எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன்.

தஞ்சாவூர் வாசகிக்கு: பொட்டலம் இன்னும் பிரிக்காமல் இருப்பதால் திருப்பி அனுப்ப முடிகிறதா என்று விசாரியுங்கள். முடியாவிட்டால் பேரக்குழந்தைகள் கைக்கு எட்டாமல் குப்பைக்குப் போகட்டும்.